புருவத்தோரம் பூசிய எண்ணெய்

என் மகள் தோலில் நிறமில்லாமல் பிறந்தவள். முடியும் இமையும்கூட வெள்ளை. முழுக்கைச் சட்டையும் பெரிய கறுப்புக் குடையுமாகத் தாம்பரத்தில் பள்ளிக்கூடம் போவாள். பிறகு வேலை கிடைத்து நாவலூருக்குப் பஸ் ஏறியபோதும் கையில் அதே மாதிரி ஒரு குடைதான். இருபத்திரண்டாவது வயதில் அவளுடைய இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு வந்தது. உதிரும், திரும்ப வரும். துளி தோலை எடுத்துப் பரிசோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். மேலோட்டமானதுதான், ஆரம்பம்தான் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு அந்த முதல் சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் கத்தி வைக்க அவர் தயங்கினார். வெட்டினால் இமை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளலாம். அதனால் முதலில் ஒரு களிம்பு கொடுத்துப் பார்க்கலாம் என்றார். களிம்பைப் பூசி மூன்று மணி நேரம் மூடி வைப்பார்கள். பிறகு சிவப்பு விளக்கைக் காட்டினால், மருந்து ஊறிய கெட்ட செல்கள் செத்துப்போகும். எல்லாம் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சொரசொரப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"மருந்து மேலேயே நின்னுடுச்சு டீச்சர். உள்ளே இறங்கல," என்றார் டாக்டர்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். அதனால் அவர் எனக்குப் படம் போட்டே காட்டினார். லேசரால் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போடுவார். நடுநடுவே நல்ல தோலை விட்டுவிடுவதால் சீக்கிரம் ஆறிவிடும். மருந்து அந்தத் துளைகள் வழியாக இறங்கிப் பக்கவாட்டில் ஊறும். புது முறை என்றும், தான் கொஞ்சம் பேருக்குத்தான் செய்திருப்பதாகவும் மறைக்காமல் சொன்னார். "இதுக்கும் கேட்கலேன்னா வெட்டித்தான் எடுக்கணும்."

என்னென்ன செய்யக்கூடாது என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். சோப்பு போட்டு முகம் கழுவ வேண்டும், அதன் பிறகு முகத்தில் எதுவும் பூசக்கூடாது. அதைப் படித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

லேசர் வைக்கும் நாளன்று விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தவள் புருவத்தோரம் வழக்கம்போல எண்ணெய் தொட்டு வைத்தேன். கோவளம் தர்கா விளக்கிலிருந்து அவள் அத்தா, என் வீட்டுக்காரர், வியாழக்கிழமைதோறும் சின்னக் குப்பியில் வாங்கி வருவார். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வைத்துவிட்டு, ஓதி, நெற்றியில் ஊதுவேன். அந்தத் தாளில் எழுதியிருந்த 'எதுவும்' என்பதில் இந்த எண்ணெயும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது வேண்டுதல், துஆ.

மருத்துவமனையில் டாக்டர் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு விளக்கடியில் பார்த்தார். பஞ்சு பளபளத்தது.

"என்ன இது? எண்ணெய் மாதிரி இருக்கே?"

"என் க்ரீம் டாக்டர். மறந்து போட்டுட்டேன்," என்றாள் என் மகள், கண்ணைத் திறக்காமலே.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள் போல.

"இன்னிக்கு மட்டும்தானா?"

"ஆமா டாக்டர்."

எண்ணெய்ப் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன தடவை இங்கே வந்த காலையிலும் பூசித்தான் கூட்டி வந்திருந்தேன்.

"இல்ல டாக்டர்," என்றேன். "நான்தான் பூசினேன். தினமும். போன தடவையும்."

"ம்மா," என்று என் மகள் பல்லைக் கடித்தாள்.

டாக்டர் பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டுக் கையுறையை மாற்றினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதல் தடவை மருந்து இறங்காததுக்கு அது காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தடிச்ச தோல், எப்படியும் கஷ்டம்தான். ஆனா சொன்னீங்க பாருங்க, அது நல்லது. க்ரீம்னு நினைச்சிருந்தா லேசா துடைச்சுட்டு ஆரம்பிச்சிருப்பேன்."

சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினார்கள். பிறகு ஸ்பிரிட். மரத்துப்போக வைக்கும் களிம்பு தடவி ஒரு மணி நேரம் காத்திருந்து, அதையும் துடைத்தார்கள். லேசர் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. முடி பொசுங்குகிற வாசனை வந்தது. சிவந்த தோலில் புள்ளிக் கோலம்போல ஏதோ தெரிந்தது. என்னையறியாமல் ஓதிக்கொண்டே குனிந்து வாயைக் குவித்துவிட்டேன்.

"யம்மா, ஊதாத!" என்று பக்கத்தில் நின்ற மருத்துவமனை ஆயாம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார். "தொளையெல்லாம் தொறந்துகினு கீது. ஓதறதுன்னா அங்க குந்திகினு ஓது. அல்லாவுக்குக் கேக்கும்."

என் மகள் சிரித்தாள். "சிரிக்காதீங்க, அசையக்கூடாது," என்றார் டாக்டர்.

மருந்தைத் தடவி, மேலே பளபளப்புத் தாளை ஒட்டினார்கள். மூன்று மணி நேரமும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்டாள். சிவப்பு விளக்கின் கீழே போன தடவை லேசாகத்தான் எரிந்ததாம். இந்தத் தடவை என் விரல்களை நெரித்துவிட்டாள்.

"எரியுதா?"

"ரொம்ப. உள்ள போயிருக்கு போல ம்மா."

பிள்ளைக்கு வலிக்கிறதே என்று சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

இரண்டு நாளைக்கு முகத்தில் வெளிச்சம் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். என் கறுப்பு முகத்திரையைக் கழற்றி அவளுக்குக் கட்டினேன். நான் எத்தனையோ தடவை கேட்டும் போடாதவள். மின்சார ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ சொல்லிப் போடல, டாக்டர் சொல்லிப் போட்டிருக்கேன். அத்தாகிட்ட அப்படியே சொல்லு," என்றாள். பல்லாவரம் தாண்டியதும், "எண்ணெய்னு எனக்குத் தெரியும் ம்மா. துடைச்சா உன் மனசு கஷ்டப்படுமேன்னு, முகம் கழுவறப்பகூட அந்த இடத்தை மட்டும் விட்டுட்டேன்," என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் இருந்தது. மறுபடி துளி எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இமையும் நேராக இருந்தது. ஆனாலும் வீணாய்ப்போன அந்த முதல் மூன்று மாதம் என்னால்தானா என்ற கேள்வி எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவளிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

எண்ணெய்க் குப்பி இப்போது அலமாரியில் இருக்கிறது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, வெயிலுக்குப் பூசும் களிம்பு டியூபைக் கையில் வைத்துக்கொண்டு ஓதி, அதன்மேல் ஊதிக் கொடுக்கிறேன்.

"மூடிய நல்லா மூடியிருக்கியா ம்மா?" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று, புருவத்தோரம் மட்டும் இரண்டு தடவை பூசுகிறாள்.