தையல் அக்காவின் பித்தளைத் திருகு

எங்கள் மாமாவுக்கு உளுந்தை உருட்டும் வேலை கொடுத்தால்கூட லேத்தில் பூட்டித்தான் உருட்டுவார். அம்மாவின் தம்பி. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இரும்பையும் பித்தளையையும் சுழற்றிக் கடையும் ஒரு குட்டி லேத் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார வைத்து அழகு பார்த்த காலம் அது. கொட்டகையிலோ நான் தலைமைப் பொறியாளன். இரும்புச் சீவலைப் பெருக்கி அள்ளுவது அந்தப் பதவிக்குரிய வேலை.

அடுத்த தெருத் தையல் அக்காவின் மிஷினில், கைச்சக்கரத்தை இறுக்கும் திருகு உடைந்துபோனது. மாமா பித்தளையில் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்தார். கண்ணாடிபோல் மினுங்கியது. அதுதான் வினை. பாபினில் நூல் சுற்றும்போதெல்லாம் அதைக் கையால் தளர்த்தி இறுக்க வேண்டும்; எண்ணெய்க் கையால் பிடித்தால் வழுக்கியது.

"முகம் பாக்கதுக்கா திருகு கேட்டேன்? பிடிக்கதுக்குல்லா கேட்டேன்!" என்றாள் அக்கா.

மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்னால வழுக்காத திருகு செய்ய முடியலன்னா லேத்தை எடைக்குப் போட்டுருதேன்" என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். லேத் போனால் என் பதவி என்னாவது?

திருகின் தலையில் சொரசொரவென்று கட்டம் பதிக்க வேண்டும். அதற்கு நர்லிங் கருவி என்று ஒன்று உண்டு. அதையும் தானே செய்வேன் என்றார் மாமா. இரண்டு இரும்புப் பட்டைகளைப் பாக்குவெட்டிபோல் கோத்து, நுனிக்கொரு பல்சக்கரம் மாட்டினார். சக்கரங்களுக்கு அரத்தால் சாய்வாகப் பல் வெட்டியவர் அவர்; அவற்றைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது எட்டிப் பார்த்துப் புருவம் கருகியவன் நான்.

சுழலும் பித்தளையை இரண்டு சக்கரங்களும் கவ்வின. கட்டம் விழவில்லை. ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள்தான் விழுந்தன.

"மாமா, ஒரு சக்கரத்தைத் திருப்பிப் போடுங்க. சாய்வு மாறிரும்" என்றேன். பொறியாளன் அல்லவா!

திருப்பினார். அதே சாய்வு. இன்னொன்றையும் திருப்பினார். அதே சாய்வு.

"ஏலே, ஒன்னய மாதிரியே இருக்கு. எப்படித் திருப்பிப் போட்டாலும் அதே மூஞ்சி!"

கோடு விழுந்த திருகை நான்தான் கொண்டுபோனேன். அக்கா மாட்டிப் பார்த்துவிட்டு, "இறுக்கும்போது பிடிக்குது, தளத்தும்போது வழுக்குது" என்று திருப்பித் தந்தாள். மாமா அதை வாய்க்காலில் எறிந்துவிட்டு லேத்தைப் பார்த்தார். அது எடைக் கடைக்காரரின் பார்வை.

இனி என் மூளைதான் கதி. மிட்டாய்க் காசோடு பஜாருக்கு ஓடி, மிஷின் சாமான் விற்கும் அண்ணாச்சியிடம் கம்பெனித் திருகு ஒன்று வாங்கினேன். அக்கா வீட்டுக்குள் புகுந்து நானே மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. வழுக்கவும் இல்லை.

"ஏல, இது உங்க மாமா செஞ்சதா?"

"இல்லக்கா, கடையில வாங்குனது. மாமா செஞ்சதுன்னு நெனச்சுக்கிடுங்க."

அக்கா அதைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். "இது சரியா வராது."

"நல்லாத்தானக்கா இருந்துச்சு!"

"வராதுன்னா வராதுல. உங்க மாமாவையே செய்யச் சொல்லு. எத்தன நாளானாலும் இருக்கேன். லேத்தை எடைக்குப் போட வேண்டாம்னும் சொல்லு."

போய் ஒப்பித்தேன். திட்டு விழும் என்று பார்த்தால், மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். "எத்தன நாளானாலுமா? அப்படியா சொன்னா?" என்று மூன்று தடவை கேட்டார். அந்தக் குஷியில் மூளை திறந்துகொண்டதோ என்னவோ, புதுச் சக்கரம் ஒன்றுக்கு எதிர்ச்சாய்வாகப் பல் வெட்டினார். பழையதும் புதியதும் சேர்ந்து கவ்வியதும் பித்தளைமேல் அன்னாசித் தோல்போல் கட்டம் மலர்ந்தது. நான் அடித்த விசிலில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

இந்தத் தடவை மாமாவே தலை சீவிக்கொண்டு போனார். ஒரு திருகை மாட்ட அவருக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது.

அடுத்த தை மாதம் அந்த அக்கா எனக்கு அத்தையாகி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டே நான் மாமாவுக்காகக் கவலைப்பட்டேன். எவ்வளவு கெட்டிக்கார மனுசன்! நல்ல திருகு எது என்றுகூடத் தெரியாத பெண்ணைப் போய்க் கட்டிக்கொண்டாரே என்று.