அம்மாவிடம் கேட்காத கேள்வி

தாழ்வுபாடு கிராமத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். என் குடல்வால் சத்திரசிகிச்சைக்கு முன் தாதி படிவத்தோடு அம்மாவிடம் போனபோது, "அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, என்னட்டைத் தாங்கோ" என்று நானே வாங்கிக்கொண்டேன். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்ற கேள்விக்கு, 'இல்லை' என்று எழுதினேன்.

நினைவு திரும்பியபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. விரல் அசையவில்லை. தொண்டைக்குள் குழாய். ஓர் இயந்திரம் எனக்காக மூச்சு விட்டது. காது மட்டும் கேட்டது.

"தசையைத் தளர்த்தின மருந்தை முறிக்க ஊசி போட்டும் சரிவரேல்லை," என்றார் வைத்தியர். "அம்மா, உங்கடை ஆக்களுக்கு இப்பிடி நடந்திருக்கோ?"

"ஓம் டொக்டர். என்ரை தம்பியும் ஒப்பரேசன் முடிஞ்சு அரைநாளா மூச்சு எடுக்கேல்லை."

"முதலே சொல்லேல்லையே?"

"என்னை ஆர் கேட்டது?"

நான் விழித்திருக்கிறேன் என்று கத்த நினைத்தேன். உதடுகூட அசையவில்லை. இயந்திரம் நின்றால் அவ்வளவுதான் என்ற பயத்தோடு மணிக்கணக்காகக் கிடந்தேன். பின்னேரம் என் பெருவிரல் அசைந்ததைக் கண்டு, "மாதாவே!" என்று அம்மா அலறினார்.

தசையைத் தளர்த்தும் அந்த வகை மருந்தைக் கரைக்கும் சத்து எங்கள் குடும்ப இரத்தத்தில் குறைவாம். அதை எழுதித் தந்த அட்டை எப்போதும் என் பையில் இருக்கிறது. இப்போது எந்தப் படிவத்தையும் முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

"படிச்ச பிள்ளைக்குத் தெரியாததே எனக்குத் தெரியப்போகுது?" என்று நக்கலடிப்பார். அவர் பதில் சொல்லும்வரை நான் எழுதுவதில்லை.