விரலிடுக்கில் மருதாணி

எங்கள் வீட்டில் மருதாணி அரைத்தால் ஒன்று தீபாவளி வரும், இல்லாவிட்டால் துபாயிலிருந்து அப்பா வருவார். நான்காம் வகுப்புப் படிக்கையில் நான் சேர்த்து வைத்திருந்த உலக ஞானத்தில் இதுதான் தலையாயது. ஆகவே, புரட்டாசி மாதத்துக் காலை ஒன்றில் அம்மாவின் கால்விரல்களில் காய்ந்த மருதாணியைப் பார்த்ததும், மேற்கொண்டு யாரிடமும் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது.

அப்போது அம்மா மன்னார்குடிக்குத் தையல் பழகப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். ஜன்னல் மேலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, நானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அந்தத் தனிமை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்பா வந்துவிட்டால் இந்தப் பாழாய்ப்போன தையல் நின்றுவிடும் என்று நம்பினேன்.

அன்று சாயங்காலம் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ்கள் வந்து போயின. கடைசியில் ஒன்றிலிருந்து அம்மா நொண்டிக்கொண்டே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை.

“இங்க என்னடி பண்ற, சிங்காரிச்சுக்கிட்டு?”

“அப்பா எங்கம்மா?”

“அப்பா வர்றாருன்னு யாருடி சொன்னது?”

நான் அவள் காலைக் காட்டினேன். “மருதாணி வெச்சிருக்கியே.”

அம்மா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “பாவாடையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நட, சேறு படப்போவுது” என்று எரிந்து விழுந்தாள். வீடு வரும்வரை எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மீதியிருந்த மருதாணியை அவளே என் உள்ளங்கையில் வட்டமாக வைத்துவிட்டாள். நான் கையை விரித்தபடி உட்கார்ந்திருக்க, மறுநாள் பரீட்சைக்கு ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். ‘சோர்’ என்ற சொல்லுக்கு மட்டும் பொருள் ஒரு முழு வரிக்கு நீண்டிருந்தது. “புண், வலி, எரிச்சல், மனத்தாங்கல்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றாள்.

என்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லையே என்ற ரோஷத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அம்மா தையல் பழகவே இல்லை என்பது பல வருஷங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடமிருந்து பணமும் போனும் நின்றுபோன பிறகு, எங்கள் ஊரார் கண்ணில் படாதபடி எங்கோ வேற்றூர் வயல்களில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத கால் நாளெல்லாம் சேற்றில் நின்றால் விரலிடுக்கில் புண் வைக்கும். அதற்கு மருதாணியை அரைத்துப் போடுவார்கள்.

மறுநாள் சிவந்த கையைப் பள்ளியில் எல்லாரிடமும் காட்டி, அப்பா வரப்போகிறார் என்று சொன்னேன். அந்தச் சிவப்பு மங்கும்வரை தினமும் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அம்மா படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவாள். நான் அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டு நின்றேன்.