அப்பா சொன்ன மழை

அப்பா இருந்த ஊரில் மழை நிற்பதே இல்லை என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்தவள் நான்தான். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும்.

ராசிபுரத்து நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு மழையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் நாளில் போதமலைப் பக்கம் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தாலே பெரியவர்கள் வானத்தைப் பார்த்து வைவார்கள். தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் உள்ளே காலை வைக்க முடியாது. ஆனாலும் மழை எங்களை அதிகமாகத் தொந்தரவு செய்ததில்லை. மலையடிவாரத்தில் பெய்துவிட்டு அப்படியே போய்விடும். எங்கள் தெருவுக்கு வருவது புழுதிக் காற்றுதான்.

யுத்தம் வந்து, நூல் கிடைக்காமல் தறி நின்றபோது அப்பா மலையாளக் கரைக்குப் போனார். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். நம் பக்கத்து மிளகாயும் புளியும் விற்கிற மளிகைக் கடையில் வேலை. அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் மாமா, அம்மாவுடைய தம்பி. மிளகாய் மூட்டைகளோடு அந்தப் பக்கம் போய் வருகிறவர். முதலில் அப்பா போய் இடம் பார்ப்பது, பிறகு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொள்வது என்று பேச்சு.

ஆடிக்கும் தீபாவளிக்கும் அப்பா வருவார். வந்து சாப்பிட இலை முன்னால் உட்கார்ந்ததும் அம்மா மெதுவாக அந்தப் பேச்சை எடுப்பாள். அப்பா மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க வாய் மூடாது.

"வைகாசிக் கடசீல புடிச்சா ஆவணி வரைக்கும் உடாது புள்ள. நம்மூரு மாதிரி சடசடன்னு பேஞ்சுட்டுப் போற மழையில்ல. பொழுது விடிஞ்சாலும் மழ, பொழுது போனாலும் மழ. தொவச்ச துணி காயாது. உப்பு தண்ணியா ஓடிரும். தீக்குச்சி பத்தாது. செருப்பக் கழட்டி வெச்சா பூஞ்சக்காளான் பூத்துரும்."

"அப்ப ஐப்பசிக்கு மேல வரட்டுங்களா?" என்பாள் அம்மா.

"ஐப்பசீல இடி. அந்த ஊரு இடிக்குத் தென்ன மரமே பத்தி எரியும்."

"மார்கழி, தையில?"

"கடல்காத்து. இந்தப் புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிரும்."

இருமல் என்றால் என்னவென்று தெரியாத உடம்பு எனக்கு. ஆனாலும் அப்பா என்னை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று மனசு குளிர்ந்துபோகும். மாமா பக்கத்தில் இருந்தால் குனிந்தபடியே, "நெசந்தானுக்கா. மனுசன் குடியிருக்கற எடமா அது?" என்பார்.

அம்மா அதையெல்லாம் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், அந்த மழைக்குத் தயாராகவும் ஆரம்பித்தாள். நூல் கிடைத்த ஓரிரு வீடுகளுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அதே வேலைதான். ராகியை வறுத்து அரைத்து வைத்தாள். வெங்காய வடகம் போட்டுக் கல்லு மாதிரி காய வைத்தாள். உப்பை மண்சட்டியில் வறுத்து, வாயைத் துணியால் கட்டினாள். எனக்கென்று சந்தையில் ஒரு கறுப்புக் கம்பளி வாங்கினாள். ராசிபுரத்து வெயிலில் அந்தக் கம்பளியைத் தொட்டாலே வேர்க்கும்.

இரண்டு ஆடியும் இரண்டு தீபாவளியும் இப்படியே போயின. மூன்றாவது ஆடிக்கு அப்பா வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. மழை பாதையை அடைத்திருக்கும் என்று நான் தெருவில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். பொங்கல் கழிந்து, மாசியும் பாதி போனபின் ஒரு நாள் அம்மா மாமாவைக் கூப்பிட்டாள்.

"எங்களக் கொண்டு போயி உட்டுட்டு வா."

"இப்ப எதுக்குக்கா? மழ கிழ..."

"பேஞ்சா பேஞ்சுட்டுப் போவுது. நனஞ்சா காயுது. நீ வாரியா, இல்ல நான் வழி கேட்டுட்டுப் போகட்டுமா?"

மாமா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். சேலம் வரை பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் அவர் தூங்குகிற மாதிரியே வந்தார். நான் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, எந்த ஸ்டேஷனில் மழை ஆரம்பிக்கும் என்று ஜன்னலோரம் காத்திருந்தேன்.

மறுநாள் இறங்கும்போது நல்ல வெயில். எங்கள் ஊர் வெயில் மாதிரிகூட இல்லை. உடம்போடு ஒட்டிக்கொண்டு, கசகசவென்று வேர்த்துக் கொட்டியது. சிவப்பு மண் ரோட்டில் ஒரு வண்டி போனால் அந்தப் புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. ஒரு வீட்டு வாசலில் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்க, ஒரு பெண் குடத்தைச் சாய்த்துச் சாய்த்து மொண்டுகொண்டிருந்தாள். அம்மா கொஞ்சம் நின்று அந்தக் கிணற்றைப் பார்த்தாள். அப்புறம் நடந்தாள்.

அப்பா கடை வாசலில் மிளகாயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முதலில் மாமாவைத்தான் பார்த்தார்.

"சொல்லாமக் கொள்ளாம இப்பிடியா கூட்டியாருவ?"

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்க மிளகாய் நெடி. அவர் என் தலையைத் தடவினார். பிறகு எங்களைப் பக்கத்து ஓட்டலுக்கு அழைத்துப் போனார். கொட்டை கொட்டையாகச் சிவப்பரிசிச் சோறு போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. அம்மா தொடவேயில்லை.

"ஊட்டுக்குப் போலாங்களா?" என்று கேட்டாள்.

"ஊடு ஒழுகுது புள்ள. இன்னும் கூர மேயல. அங்க எப்பிடித் தங்குவீங்க?"

"ஒழுகறதுக்கு மழையே இல்லீங்களே."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். கடைக்குத் திரும்பினோம். அம்மா உள்ளே போகாமல் வாசல் பலகையில் உட்கார்ந்தாள். அப்போது கடையின் பின்கட்டிலிருந்து ஒரு பையன் தத்தித் தத்தி வந்தான். இடுப்பில் வெள்ளி அரைஞாண். "அச்சா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அப்பா அவனைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. உள்ளே யாரோ ஒரு பெண்பிள்ளை மலையாளத்தில் குரல் கொடுத்தாள். மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா அவனைக் கிட்டே இழுத்து, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்து ராகி மாவு, வடகம், உப்புச் சட்டி எல்லாவற்றையும் எடுத்துப் பலகைமேல் வரிசையாக வைத்தாள்.

"கெட்டுப் போவாதுங்க. உங்க மழக்காலத்துக்கு ஆவும்," என்றாள். என் கையிலிருந்த கம்பளியையும் வாங்கி அதன்மேல் வைத்தாள். "இதையும் இந்தப் புள்ளைக்குப் போத்துங்க. நெஞ்சுல சளி கட்டிரும்."

அப்பா, "ஏம்புள்ள..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். என் கம்பளியை எதற்கு அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் ஸ்டேஷன் வரைக்கும் அழுதேன். அப்பாவைப் பிரிந்து வருகிறோம் என்று அழவில்லை. அடுத்த ஆடிக்கு வந்துவிடுவார்தானே.

ரயிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் மாமாவிடம் கேட்டேன். "அந்தப் பையன் அப்பாவ அச்சான்னு கூப்புட்டானே, அப்பிடின்னா என்னங்க மாமா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். "மொதலாளின்னு அர்த்தஞ் சாமி," என்றார்.

எனக்குக் கம்பளி போன துக்கம்கூடக் கொஞ்சம் ஆறிவிட்டது. மிளகாய் காயப் போடப் போன அப்பா முதலாளி ஆகிவிட்டார். பல வருஷம் கழித்து, கல்யாணமாகிச் சேலத்தில் குடியிருந்தபோது, அடுத்த வீட்டுக்கு ஒரு மலையாளக் குடும்பம் வந்தது. அந்த வீட்டுக் குழந்தை சாயங்காலம் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லித் தன் தகப்பனைக் கூப்பிட்டது. கையில் இருந்த முறத்தோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மாமா சொன்ன அர்த்தம் மட்டும்தான். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே தெருவில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, எங்கப்பாவை அங்கே அச்சா என்றுதான் கூப்பிடுகிறார்கள், இனிமேல் நீங்களும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டேன். எல்லோரும் சேர்ந்து, "அச்சா! அச்சா!" என்று கத்திக்கொண்டு எங்கள் வீட்டு வாசலைச் சுற்றி ஓடினோம்.

அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். அதுவரை என்மேல் கை வைக்காதவள் அன்றைக்கு அடித்தாள். பிள்ளைகள் பயந்து ஓடிய பிறகும், பக்கத்து வீட்டுக்காரி வந்து கையைப் பிடிக்கும் வரைக்கும் அடித்தாள். அடித்துவிட்டு அவளும் அழுதாள். ஊரில் பெருமை பேசித் திரிந்ததற்காகத்தான் அடிக்கிறாள் என்று நினைத்து, "இனிமே பேசமாட்டேன், அப்பா மொதலாளின்னு யாருகிட்டயுஞ் சொல்லமாட்டேன்" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.