மதியம் இரண்டு மணிக்கு மினுக்கும் கண்ணாடி

வலிக்கு வெளிச்சம் காட்டுகிறார்களாம். தூக்கத்துக்கு ஒலி ஊட்டுகிறார்களாம். கழுத்தில் புறப்பட்டு இடது தோளில் இறங்கி விரல் நுனிவரை ஊறுகிற ஒரு வலியோடு மூன்று வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன் நான். எக்ஸ்ரே, தைலம், கழுத்துப்பட்டை, விதவிதமான தலையணை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவர் வீடொன்றில், ஒருவர் ஒரு பெட்டியோடு இணைத்த கறுப்புக் கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிட்டு என் மண்டைக்குள் விளக்குப் போட்டார்.

நானாகப் போகவில்லை. துணிக்கடையில் வேலை பார்க்கும் மனைவிதான் இழுத்துப் போனாள்.

"நீங்க பொரளுற பொரளுல கட்டிலே தேஞ்சிபோச்சு. நீங்களும் தூங்கல, நானும் தூங்கல. நேத்து தூக்கக் கலக்கத்துல ஒரு அம்மாவுக்கு ரவிக்கைத் துணிய பாதியா வெட்டிட்டேன். மொதலாளி பாத்த பார்வை இருக்கே! இன்னொரு வாட்டி ஆச்சுன்னா வேலை இருக்காதுங்க. வாயத் தொறக்காம வண்டில ஏறுங்க."

கழுத்தைத் திருப்ப முடியாதவனால் வண்டி ஓட்ட முடியாது. ஊரே மதியம் ஒன்றரைக்குக் கதவை இழுத்து மூடி நாலு மணிக்குத் திறக்கும். அவள் கடையும் அப்படித்தான். அந்த இடைவெளியில் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து என்னை ஸ்கூட்டரில் மூட்டைபோல் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவாள். உள்ளே எனக்குக் கட்டில். வெளியே அவளுக்கு சோபா.

இந்த வைத்தியத்தை நடத்துகிறவர் வெளியூர்க்காரர். முன்பு சூரிய அடுப்பு விற்றாராம். அதற்கும் முன்பு மூங்கில் நாரில் நெய்த சட்டை. மூன்றையும் ஒரே குரலில் விற்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

"சார், உங்க ப்ரெயின் ரொம்ப ஸ்பீடா ஓடுது. லைட்டும் சவுண்டும் சேந்து அத மெதுவா கீழ எறக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா படுங்க."

சும்மா படுக்க முடிந்தால் நான் ஏன் இங்கே வரப் போகிறேன்?

மூடிய இமைக்குள் சிவப்பு, ஊதா, மறுபடி சிவப்பு. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் பல்பை யாரோ கண்ணுக்குள் சுற்றிவிட்ட மாதிரி. வலது காதில் பழைய ஃபிரிட்ஜ் உறுமியது, இடது காதில் கொசு ரீங்கரித்தது. இரண்டுக்கும் நடுவில் என் தோள், தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு, குத்தியது. தூக்கமா? அது வாசல்வரை வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் முழங்கால் வலிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் முதியவர். கண்ணாடி மாட்டிய மறு நிமிஷம் குறட்டை. ஜன்னல் கண்ணாடி அதிரும் குறட்டை.

"மெஷின் உங்களுக்கு நல்லா கேக்குது போல," என்றேன் ஒருநாள், வயிற்றெரிச்சலில்.

"மெஷினா?" சிரித்தார். "மிசியே, வெடிகுண்டு போட்டாலும் மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் சியஸ்த், அதான் பகல் தூக்கம், போடறவன். நம்ம ஊர்ல எவன் அந்நேரத்துல முழிச்சிருக்கான்? வீட்ல ஃபேன். இங்க ஏசி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் சாய்வது இந்த ஊருக்கு மூச்சுவிடுகிற மாதிரி. வஞ்சிரக் குழம்பும் சோறும் இறங்கிய வயிறுகளை, இருட்டறையில், குளிரில், மெத்தையில் கிடத்திவிட்டு, அவை தூங்கிப்போனதும் பெட்டிக்குப் பெருமை பேசுகிறார் இந்த மனிதர். மேசைமேல் ஒரு நோட்டு வேறு. 'குழந்தைபோலத் தூங்கினேன்', பக்கம் பக்கமாக. வேறு ஊர்களில் இந்தப் பெட்டி யாருக்காவது உதவுகிறதோ என்னவோ, நான் வைத்தியன் இல்லை. இங்கே இந்த நேரத்தில் ஒரு செங்கல்லைத் தலைமாட்டில் வைத்தாலும் அதே நோட்டு நிறையும். ஊரில் தூங்காத ஒரே பிறவி நான்தான்.

பத்தாவது நாள், கடைசி நாள். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று படுத்திருந்த நேரம் முழுக்க வாக்கியம் கோத்தேன். நல்ல வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் கொடுக்கு இருந்தது. கண்ணாடியைக் கழற்றி எறியாத குறையாக வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சோபாவில் மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, கைப்பையைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கும் அந்தக் கோடு இல்லை. பத்து நாளாகக் கடையில் துணி தப்பாக வெட்டியதாக அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நடத்துகிறவர் பேனாவோடு வந்தார். "சொல்லுங்க சார். வந்தப்ப வலி பத்துக்கு எட்டுன்னீங்க. இப்ப?"

எட்டுதான். அன்றைக்கு ஒன்பதென்றுகூடச் சொல்லலாம்.

"அஞ்சு," என்றேன்.

"பாத்தீங்களா!" அவர் முகத்தில் அத்தனை பல்பும் எரிந்தது. "இன்னும் பத்து சிட்டிங் போட்டா முழுசா எறங்கிடும். காலைல வர்றீங்களா? கூட்டம் கம்மி."

"வேணாம். இதே ரெண்டு மணி."

நோட்டை நீட்டினார். இவ்வளவு பொய் சொன்னவனுக்கு இன்னும் ஒரு வரி பாரமா? எழுதினேன். அவர் திரும்பி, "மேடம்..." என்று சோபா பக்கம் நகர்ந்தார். நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கடை தொறக்க இன்னும் அரைமணி இருக்கு. உங்க வாய கொஞ்சம் மூடுங்க."