குழாய்க்கென்று வாங்கிய கையெழுத்து

என் பெரியம்மாவுக்குத் துணியைப் பார்த்தால் ஆளைத் தெரியும். எந்தச் சட்டைக்கு முழங்கை தேய்ந்திருக்கிறது, எதில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், எந்த வீட்டில் கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு துணியைத் தனித்தனி மூட்டையாகக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பூங்காவின் மேற்குச் சுவரை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன இடத்தில் பத்தொன்பது வருடமாக இஸ்திரி போட்டார். அந்தத் தெருவில் யாருக்கும் அவர் பெயர் தேவைப்பட்டதில்லை. 'இஸ்திரியம்மா' போதுமானதாக இருந்தது.

காலையில் வீடு வீடாகப் போய் மூட்டை எடுப்பார். மாலையில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். துணிகள் கலந்துவிடாமல் இருக்க, காலரின் உள்பக்கம் ஒரு தையல் நூல் ஓட்டி வைப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், நிறம் தீர்ந்த பிறகு இரண்டு நிறம். அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒருவர் சட்டை இன்னொருவர் அலமாரிக்குப் போனதில்லை என்பது அவருடைய பெரிய பெருமை.

கால்வாய் ஓரத்தில் இருந்த பழைய குடியிருப்பை, இடிந்து விழும் நிலையில் இருக்கிறதென்று ஒரே நாளில் காலி செய்தார்கள். அதில் இருந்தவர்களில் பதினொரு குடும்பங்கள் பூங்காவில் ஊஞ்சலுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டன. இரண்டு மாதம் என்றார்கள். ஒன்றரை வருடம் ஆயிற்று.

முதலில் அவர்களோடு மல்லுக்கு நின்றவர் பெரியம்மாதான். அடுப்புப் புகை சுவரைத் தாண்டி, அடுக்கி வைத்த துணியில் ஏறியது.

"துணியில புகை நாத்தம் அடிச்சா வீட்டுக்காரங்க உங்களையா கேப்பாங்க? என்னைத்தானே கேப்பாங்க!" என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவார். அந்தப் பக்கத்திலிருந்தும் சளைக்காமல் பதில் வரும்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் கையில் சட்டையோடு கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். நிறுவனத்தை மூடிவிட்டதால் வேலை தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, புகை நாத்தம் அடிக்கிற சட்டை ஒண்ணு இருக்கு. இஸ்திரி போட்டாப் போகுமா?"

"சட்டை நாறுதா, ஆளு நாறுதா?"

"ரெண்டும்தான். நீங்க ஆளுக்கும் போடுவீங்கன்னா படுத்துக்கிறேன்."

பெரியம்மா சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் லிஃப்ட்காரரின் சட்டை வந்தது. செவ்வாய்க்கிழமை நேர்காணல்களுக்குப் போவார். பிறகு மற்றக் கூடாரங்களிலிருந்தும் பள்ளிச் சீருடை, ஒரு கல்யாணப் புடவை, காவலாளி வேலைக்குப் போகிறவரின் காக்கிச் சட்டை என்று வர ஆரம்பித்தன. அவற்றுக்குப் பச்சை நூல். பெரியம்மா காலையில் கடைசி வீட்டு மூட்டையை எடுத்ததும் பூங்காவுக்குள் போய்ப் பச்சை நூல் துணிகளையும் எடுத்துக்கொண்டு வருவார். புகைச் சண்டையும் ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். மனு எழுதுவதில் கை தேர்ந்தவர். பூங்காக் குழாய் ஆறு மாதமாக ஒழுகி, பெரியம்மாவின் கடை வாசல் சேறாகிக் கிடந்தது. அந்தச் சேற்றில் செருப்பு படாமல் நின்றுகொண்டுதான் ஒரு நாள் அவர் தாள்களை நீட்டினார்.

"இஸ்திரியம்மா, பூங்கா விஷயமா நகர மன்றத்துக்கு ஒரு மனு. குழாயைச் சரிபண்ணச் சொல்லிக் கேக்கிறோம். எங்க ஆளுங்க போனா பாதி வீட்டுல கதவே திறக்கிறதில்ல. உங்களுக்குன்னா திறப்பாங்க. நீங்க யார்கிட்ட எல்லாம் துணி எடுக்கிறீங்களோ, எல்லார்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடுங்க."

மனு ஆங்கிலத்தில் இருந்தது. பெரியம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். எனக்கு இரண்டும் தெரியும். அந்தத் தாள்கள் மூன்று நாள் எங்கள் வீட்டு மேசையில் கிடந்தன. என் சாப்பாட்டு டப்பாவை அவற்றின் மேல் வைத்தேனே தவிர, ஒரு வரி படிக்கவில்லை.

பெரியம்மா சொன்னபடியே செய்தார். மூட்டை வாங்கும்போதே, "குழாய்க்கு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று தாள்களைச் செருகிய அட்டையை நீட்டினார். பல் துலக்கிக்கொண்டே போட்டவர்கள் உண்டு. யாரும் முதல் தாளைப் புரட்டவில்லை. கடைசி வீடு முடிந்ததும் வழக்கம்போலப் பூங்காவுக்குள் போனார். அவர்களும் துணி கொடுக்கிறவர்கள்தான். அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் போடாமல் வேறு யார் போடுவது? பதினொரு குடும்பத்திலும் ஒவ்வொருவர் போட்டார்கள். முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று லிஃப்ட்காரர் கேட்டாராம். "பூங்கான்னு எழுதுங்க தம்பி, அப்பத்தான் சீக்கிரம் வருவாங்க" என்றிருக்கிறார் இவர்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது செயலாளர் கடைசிப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு, "நாங்க நினைச்சுக்கூடப் பார்க்காத வேலையைச் செஞ்சிருக்கீங்க, இஸ்திரியம்மா" என்றார். அன்று மாலை பெரியம்மா அந்தப் பாராட்டை எனக்கு இரண்டு முறை சொன்னார்.

பதினைந்தாம் நாள் பூங்கா வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். லிஃப்ட்காரர் அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அது ஒரு சனிக்கிழமை, நான் கடையில் இருந்தேன். வாங்கிச் சத்தமாகப் படித்தேன். பூங்காவில் தங்கியிருப்போர் தாமாகவே வெளியேற எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்துவிட்டதால், ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். சம்மதம் இல்லாதவர்களை வெளியேற்ற வேண்டுமானால் அறுபது நாள் அவகாசமும் மாற்று இடமும் கொடுக்க வேண்டும் என்பது விதி. சம்மதித்தவர்களுக்கு இரண்டும் கிடையாது. மனுவின் நகலும் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது; கூடாரங்களை அகற்ற வேண்டும் என்பதுதான் அதன் கோரிக்கை. பதினொரு கையெழுத்துகளுக்கு மேலே, பிறகு எழுதிச் சேர்த்த ஒரு வரி: 'மேற்கண்ட கோரிக்கைக்குப் பூங்காவில் தங்கியிருப்போரின் சம்மதம்.' அதை எழுதிய கை செயலாளருடையது. சங்கத்து அறிவிப்புகளில் அவர் எழுத்தை நான் பார்த்திருந்தேன்.

நான் படித்து முடிக்கும்வரை லிஃப்ட்காரர் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய்னு சொன்னீங்களே அக்கா."

"குழாய்னுதான் தம்பி என்கிட்டயும் சொன்னாரு."

"என் பொண்டாட்டி வேணாம்னு சொன்னா. பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போடாதேன்னு. நான்தான், இஸ்திரியக்கா கேக்கிறாங்கன்னு போட்டேன்." பச்சை நூல் துணிகளைக் காட்டினார். "வர்ற வாரத்துக்குன்னு குடுத்த சட்டையைக் குடுத்துடுங்க. இஸ்திரி வேணாம். அப்படியே குடுங்க."

அவர் போன பிறகு பெரியம்மா இஸ்திரிப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினார். செயலாளர் வீட்டு மூட்டையைக் கையில் எடுத்தார். "அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு வா" என்றார். மூட்டையோடு மூன்று மாடி ஏறினார்.

கதவைத் திறந்த செயலாளர் மூட்டைக்காகக் கையை நீட்டினார். பெரியம்மா கொடுக்கவில்லை.

"அந்தப் பேப்பர்ல என்ன சார் எழுதியிருந்தீங்க?"

"குழாயைப் பத்தித்தான்."

"பொய் சொல்லாதீங்க. என் தங்கச்சி பொண்ணு படிச்சுட்டா."

"அப்ப நாலாவது பத்தியையும் படிக்கச் சொல்லுங்க."

நான் பார்த்தேன். இருந்தது. ஆக்கிரமிப்புகளை அகற்றிய பிறகு குழாயைப் பழுதுபார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி.

"பார்த்தீங்களா? பொய் எங்க இருக்கு? கூடாரத்துக்குப் போய் வாங்கிட்டு வாங்கன்னு நானா சொன்னேன்? நீங்களாப் போனீங்க."

"துணி எடுக்கிறவங்க எல்லார்கிட்டயும்னு சொன்னீங்க. நான் அவங்ககிட்டயும்தான் எடுக்கிறேன்."

செயலாளரின் முகம் சுருங்கியது. அவர் அதுவரை அதை யோசிக்கவே இல்லை போலும். "அவங்க துணியா? எங்க துணி போடுற அதே மேசையிலயா?"

"அதே மேசைதான். அதே பெட்டிதான். போன திங்கக்கிழமை லிஃப்ட்காரர் சட்டையைப் போட்டுட்டுத்தான் உங்க சட்டையைப் போட்டேன். அதைத்தான் மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க. உடம்பு ஏதும் அரிக்குதா?"

"மரியாதையாப் பேசுங்க."

"பதினோரு குடும்பத்தை என் கையாலயே நடுத்தெருவுக்குத் தள்ள வச்சீங்க. உங்களுக்கு மரியாதை வேற ஒரு கேடா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க கடையும் பூங்காச் சுவர்லதான் நிக்குது. வருஷா வருஷம் ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் குடுக்கிறது சங்கம். யோசிச்சுக்கோங்க."

பெரியம்மா மூட்டையை வாசற்படியில் போட்டுவிட்டு இறங்கினார். போட்ட வேகத்தில் முடிச்சு அவிழ்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வீட்டில் நான்தான் தயங்கினேன். கடை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "நான் என்ன நாதியத்தவளா? ரெண்டு கை இருக்கு, ஒரு பெட்டி இருக்கு" என்றார். பிறகு அவராகவே, "அவங்களுக்குப் போறதுக்கு இடமே இல்லடி" என்றார்.

திங்கட்கிழமை நகர மன்ற அலுவலகத்துக்குப் போனோம். நாள் முழுக்க வாசலில் உட்கார வைத்தார்கள். மறுநாளும் போனோம். புதன்கிழமை பூங்காப் பிரிவு அதிகாரி, ஓர் அம்மாள், செயலாளரையும் வரவழைத்து விசாரித்தார். லிஃப்ட்காரரும் இன்னும் நான்கு பேரும் வந்திருந்தார்கள். எங்களை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

"இந்தக் கையெழுத்தெல்லாம் வாங்கினது நீங்களாம்மா?"

"நான்தாங்க."

"என்ன சொல்லி வாங்கினீங்க?"

"குழாய் ரிப்பேர்னு சொல்லி."

"பூங்காவுல இருக்கிறவங்ககிட்ட?"

"எல்லார்கிட்டயும் அதான் சொன்னேன். என்கிட்ட சொன்னதைத்தானே நான் சொல்ல முடியும்?"

அதிகாரி பேனாவை வைத்தார். "அப்படின்னா இந்தப் பதினொண்ணு மட்டும் இல்ல, நீங்க வாங்கின நூத்தி நாப்பத்தாறும் செல்லாது. புரியுதா?"

செயலாளர் எழுந்துவிட்டார். "மேடம், படிக்காத பொம்பளை பேச்சை நம்பி..."

"இவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே சார் அனுப்பினீங்க?" என்றார் அதிகாரி.

ஏழு நாள் அறிவிப்பு ரத்தாயிற்று. சங்கம் விரும்பினால் புதிய மனு கொடுக்கலாம், இரண்டு மொழியிலும் எழுதி, ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டி, கையெழுத்திட்டவர்கள் பட்டியலைப் பூங்கா வாசலில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் பெரியம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். அவரோடு வந்தவர்களில் ஒருத்தி, "எல்லாம் பண்ணிட்டு இப்ப வந்து நிக்கிறா" என்று எங்கள் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டு போனாள்.

ஆனால் வழியெல்லாம் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. "படிச்சுப் பார்த்திருந்தா நம்ம தெருவுல ஒருத்தர் போட்டிருக்க மாட்டாங்க" என்றார். "எத்தனை வருஷமா அவங்க துணியைத் தொடுறேன். எனக்குத் தெரியாதா?"

செயலாளர் இந்த முறை தானே வீடு வீடாக ஏறினார். இரண்டு மொழியிலும் படித்துக் காட்டினார். குழாய் பற்றிய வரியை எடுத்துவிட்டிருந்தார். கூடாரங்களை அகற்ற வேண்டும் என்பது மட்டுமே இருந்தது. பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டப்பட்டது. நூற்று இருபத்தொரு பெயர்கள்.

தமிழ்ப் பட்டியலைப் பெரியம்மாவே படித்திருக்கலாம். என்னைப் படிக்கச் சொன்னார். கதவு எண்ணையும் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் பத்துப் பெயர்கள்வரை, "இவங்களா?" என்று கேட்டார். அவர் குழந்தை பிறந்த வீடுகளுக்குச் சின்னத் துணிகளைத் தனியாக மடித்துக் கொடுத்தவர். சாவு விழுந்த வீட்டில் போனவரின் சட்டைகளைக் கடைசியாக ஒரு முறை இஸ்திரி போட்டு, காசு வாங்காமல் கொடுத்தவர். கடைசிப் பெயர் முடிந்ததும், "மறுபடியும் முதல்ல இருந்து படி" என்றார். மூன்று முறை படித்தேன். அவர் கண் சுவரிலேயே இருந்தது.

புதிய மனுவை ஏற்று நகர மன்றம் கொடுத்த அறுபது நாள் முடிந்து கூடாரங்கள் போயின. விதிப்படி மாற்று இடம் தர வேண்டியிருந்ததால், இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில், மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை கொடுத்தார்கள். சம்மதக் கையெழுத்து நின்றிருந்தால் அதுவும் இருந்திருக்காது. சங்கம் கடைக்குக் கடிதம் தரவில்லை. தகரத்தைப் பிரித்தார்கள். தெருக்கோடியில், பேருந்து நிறுத்தத்துக்கு அருகே, ஒரு கடையின் பக்கவாட்டு அறையைப் பெரியம்மா வாடகைக்குப் பிடித்தார். வீடு வீடாகப் போவதை நிறுத்திவிட்டார். வேண்டியவர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வர வேண்டும்.

வருகிறவர்களிடம், மூட்டையைத் தொடுவதற்கு முன், ஒரு கேள்வி கேட்கிறார். மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்கிறார்.

"ரெண்டாவது மனுவுல கையெழுத்துப் போட்டீங்களா?"

இதனால் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். கோபத்தை விட்டுவிடலாமே, பிழைப்பைப் பார்க்க வேண்டாமா என்று நான் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு விடணும்?" என்று கேட்டார்.

போன வாரம் நான் இருந்தபோது ஓர் ஆசிரியை வந்தார். கேள்விக்கு அவர் முகம் சிவந்தது.

"போட்டேன் இஸ்திரியம்மா. என் பொண்ணு ஒன்றரை வருஷமா அந்த ஊஞ்சல் பக்கம் போகல. எனக்கு அது தப்பாத் தெரியல."

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத் தப்பாத்தான் தெரியுது. ஆனா நேராச் சொன்னீங்க. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோங்க" என்று மூட்டையை எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்து, இரண்டாவது மாடி மருந்துக் கடைக்காரர். எட்டுச் சட்டைகள்.

"நானா? சேச்சே. நான் எதுக்குப் போடப் போறேன்?"

"கதவு எண் முப்பத்தாறு," என்றார் பெரியம்மா. "பட்டியல்ல எழுபத்தி ரெண்டாவது பேரு."

எட்டுச் சட்டைகளையும் மேசையின் விளிம்புவரை தள்ளினார். அவர் கை நீட்டிப் பிடிக்கவில்லை என்றால் கீழே விழுந்திருக்கும்.