வாசலில் விரித்த இரண்டு சாக்கு

விருத்தாசலத்தை விட்டு மங்கலம்பேட்டை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் ஒரு வேட்டி, ஒரு பன், மூன்று தேய்ப்புக்கல், ஆட்களிடம் காட்டுவதற்காக நானே தேய்த்துப் பாலிஷ் ஏற்றிய ஒரு சாண் மொசைக் துண்டு. ஒரு ஊரில் வேலை போனால் அடுத்த ஊருக்கு நடப்பது எனக்குப் பழக்கம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்படித்தான் திரிந்தேன். ஆனால் அன்று, அடுத்த ஊரிலும் வேலை கிடைக்காது என்று தெரிந்தே நடந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். கடைவீதியில் புதிதாகக் கட்டிய ஒரு ஜவுளிக்கடைக்கு எங்கள் மேஸ்திரி மொசைக் தரை போட்டார். சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து போட்டு, இறுகியதும் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கொரகொரப்பான கல்லில் தொடங்கி மழமழப்பான கல்லில் முடிப்போம். கடைசியாக ஆக்சாலிக் ஆசிட் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் தரையில் முகம் தெரியும். அந்தக் கடைசி வேலை என்னுடையது.

மூன்றே மாதத்தில் தரை வெளுத்துவிட்டது. அன்று காலை மேஸ்திரி என்னைக் கடைக்கு இழுத்துப் போனார்.

“என்னாய்யா தரை இது? சாம்பல் பூத்தாப்புல இருக்குது,” என்றார் கடை முதலாளி.

“சீக்கிரம் முடிக்கணும்னு இந்தப் பய பவுடர அள்ளிக் கொட்டிட்டான் முதலாளி. ஆசிட்டு சில்லத் தின்னுடுச்சி.”

“அளவாத்தான் போட்டேன் மேஸ்திரி.”

“வாய மூடுறா! நெய்வேலி, கடலூரு, எல்லா மேஸ்திரிங்ககிட்டயும் சொல்லி வுட்டுடறேன். இனிமே எவனும் உன்னத் தரையத் தொட வுடமாட்டான்.”

சொன்னால் செய்கிற ஆள் அவர். எனக்கு வேறு தொழில் தெரியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊர் எல்லையில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு ஷெட் இருந்தது. அதன் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பையில் வைத்திருந்த பன்னைத் தேட மொசைக் துண்டை வெளியே எடுத்து வைத்தேன். பக்கத்தில் ஒரு ஷெட்டுத் தொழிலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை என்று கடைக்காரர் கூப்பிட்டார். வெள்ளைக்கல்லை அரைத்து மண்ணோடு கலக்கும் இடத்தில் அவருக்கு வேலை. புருவம், முந்தானை, பாதம் எல்லாமே வெள்ளையாக இருந்தன.

“இன்னா தம்பி இது, அரிசி ஒட்டுன கேக்காட்டம் இருக்குது?” என்று மொசைக் துண்டை எடுத்தார். தூசி படிந்திருக்கிறது என்று நினைத்து, ஈர முந்தானையால் நாலு முறை அழுத்தித் துடைத்தார்.

வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். துடைத்த இடம் மட்டும் மங்கியிருந்தது. கடைத் தரையில் பார்த்த அதே வெளுப்பு.

“முந்தானையில இன்னாக்கா இருக்குது?”

“இன்னா இருக்கும்? ஷெட்டுத் தூசிதான். மாவாட்டம் இருக்கறது உன் கல்ல கடிச்சிடுச்சா?”

கடித்துத்தான் இருந்தது. அது பொடியானாலும் கல். சலவைக்கல்லை விடக் கெட்டி. அப்போதுதான் காலையில் கண்ணில் பட்டும் யோசிக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. கடை வாசலிலிருந்து புடவைப் பகுதி வரைதான் தரை வெளுத்திருந்தது. பீரோவின் அடியிலும் முதலாளி உட்காரும் இடத்திலும் பளபளப்பு அப்படியே இருந்தது. ஆசிட் தின்றிருந்தால் எல்லா இடத்தையும் தின்றிருக்க வேண்டும்.

“கடைவீதியில புதுசா வந்த ஜவுளிக்கடைக்கு நீங்க போறதுண்டாக்கா?”

“சனிக்கெழமையானா கூலி வாங்கிட்டு ஷெட்டே அங்கதான் நிக்கும். இன்னிக்கும் போறேன். பொண்ணு சடங்குக்குப் பொடவ எடுக்கணும்.”

வேலை முடியும்வரை காத்திருந்து அவரோடு கடைக்குத் திரும்பினேன்.

அந்தக் கடையில் செருப்போடு உள்ளே போகக் கூடாது. வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஷெட்டு ஆட்கள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரக் காலோடு படியேறுவார்கள். ஈரம் பட்ட இடத்தையெல்லாம் கடைப் பையன்கள் ஒரே பக்கெட்டில் முக்கியெடுத்த சாக்கால் துடைப்பார்கள். தரையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் முதலாளி இத்தனையும் செய்தார். மேஸ்திரியும் அங்கேயே இருந்தார்.

துடைக்கும் சாக்கை வாங்கி ஒரு தட்டில் பிழிந்தேன். தண்ணீர் தெளிந்ததும் அடியில் வெள்ளையாக ஒரு படிவு தங்கியது. அதை விரலில் எடுத்து மொசைக் துண்டின் பளபளப்பான பாதியில் தேய்த்தேன். எல்லோரும் பார்க்கும்போதே அது மங்கியது.

“இதான் தரையத் தின்னுது முதலாளி. நாளு பூரா ஈரத்தோட தேச்சிக்கிட்டே இருக்கறீங்க.”

மேஸ்திரி மொசைக் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி கடைப் பையன்கள் பக்கம் திரும்பினார்.

“அப்ப ஷெட்டு ஆளுங்கள இனிமே படியோட நிறுத்துங்கடா. கேக்கற பொடவைய வெளிய கொண்டாந்து காட்டுங்க.”

அஞ்சலை ஒரு காலைக் கழுவிவிட்டு மறு காலுக்குத் தண்ணீர் மொண்டிருந்தார். சொம்பை அப்படியே அண்டாவில் போட்டார்.

“வெளிய நிக்க வச்சிக் காட்ட நாங்க இன்னா பிச்சைக்கா வந்தோம்?” என்று முதலாளியைக் கேட்டவர், என் பக்கம் திரும்பினார். “நல்லா காட்டிக் குடுத்த தம்பி.” புடவை எடுக்காமலே போய்விட்டார்.

மேஸ்திரி என் தோளில் கை வைத்தார். “சரி, போனது போவட்டும். பாண்டியில ஒரு லாட்ஜு வேல வந்துருக்குது. நாளைக்கு நீயும் வா.”

காலையிலிருந்து நான் வேண்டியது அதுதான். ஆனால் நான் முதலாளி பக்கம் திரும்பினேன்.

“முதலாளி, அவங்க காலு தப்பில்ல. ஈரந்தான் தப்பு. வாசல்ல ரெண்டு சாக்கு போடுங்க. மொதல்ல காஞ்ச மண்ண ஒண்ணுல தட்டிடணும். அப்பறம் கழுவிட்டு இன்னொண்ணுல ஈரம் போவத் தொடச்சிட்டுதான் ஏறணும். தரையையும் மொதல்ல காஞ்ச தொடப்பத்தால கூட்டி மண்ண அள்ளிடணும். அப்பறந்தான் தண்ணி. அலச ஒரு பக்கெட்டு, முக்க ஒரு பக்கெட்டு.”

“இதையெல்லாம் எவன் செய்வான்? வாசல்லயே ஒரு ஆளு நிக்கணும் போலிருக்குதே.”

“தொடப்பத்துக்கும் ஒரு மேஸ்திரி வச்சிடலாம் முதலாளி,” என்றான் துணி கிழிக்கும் பையன். கடையே சிரித்தது.

“நான் நிக்கறேன். அவங்க உள்ள வரட்டும்.”

“தேய்ப்புக்காரன் தொடப்பம் புடிப்பியாடா? வெளிய சொன்னா சிரிப்பானுங்க,” என்றார் மேஸ்திரி.

“இங்கயே சிரிச்சிட்டாங்களே மேஸ்திரி.”

முதலாளி குனிந்து வெளுத்த தரையை விரலால் தடவினார். “ஒரு மாசம் பாக்கறேன்,” என்றார்.

அதுவரை நான் வேலை செய்த எந்தக் கட்டடத்துக்கும் திரும்பப் போனதில்லை. பாலிஷ் போட்டு, பேர் வாங்கி, அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். அந்தத் தரைகள் பிறகு என்ன ஆயின என்று தெரியாது. தரைத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தேய்த்து முடித்த அன்று அந்த வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியைத் துடைப்பம் பிடிக்கிறவர்தான் செய்கிறார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை திறக்குமுன் இரண்டு புதுச் சாக்குகளை விரித்தேன். தென்னந் துடைப்பத்தை விட்டுவிட்டு, தூசியைக் கிளப்பாத பூந்துடைப்பத்தால் உள்ளிருந்து வாசல் வரை கூட்டி, மண்ணை முறத்தில் அள்ளினேன். ஒரு கைப்பிடி இருந்தது.

ஒன்பது மணிக்கு அஞ்சலை மகளோடு வந்தார். வேறு கடைக்குப் போகிறவர்போலத்தான் நடந்தார். என் கையில் துடைப்பத்தைப் பார்த்ததும் நின்றார்.

“வரலாமா, இங்கியே நிக்கணுமா?”

“சாக்குல காலத் தொடச்சிட்டு உள்ள வாங்கக்கா.”

மகளை முதலில் ஏற்றிவிட்டார். பிறகு அவரும் கழுவி, துடைத்து, படியேறிப் புடவைப் பகுதிக்கு நடந்தார். அவர் போன வழியைக் குனிந்து பார்த்தேன். தரையில் ஒரு தடம்கூட இல்லை.